மூன்று காலங்கள் பொருந்த வேண்டும்: கையொப்பமிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரித்துத் தரச்சான்று பெற முழுமையான வழிகாட்டி

1955 அக்டோபர் 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில், 23 வயது நிரம்பிய ஜானி பாட்ரஸ், அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் முழுவதும் தானே பந்தெறிந்து, எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்க விடாமல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு 2–0 என்று வெற்றி தேடித் தந்தார். புரூக்ளினில் இருந்த காலத்தில் அந்த அணி வென்ற ஒரே உலகத் தொடர் அது. அந்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் சூயிங்கம் பொட்டலத்துக்குள் வைத்து விற்ற அட்டைகளில் 25-ஆம் எண் பாட்ரஸுடையது.

அந்த அட்டை ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு மூலை மழுங்கிவிட்டது. நடுவில் நூல் கனத்தில் ஒரு மடிப்பு. அதன் மீது நீல பால்பாயிண்ட் பேனாவால் அவர் பெயர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மடிப்பு கடக்கும் இடத்தில் மைக்கோடு வெடித்து, உள்ளே காகிதத்தின் வெள்ளை நார் தெரிகிறது. கையொப்பம் முதலில் வந்தது, மடிப்பு பிறகு விழுந்தது என்று அந்த வெடிப்பு சொல்கிறது. பல ஆண்டுகளாக இந்த அட்டைகளைத் தேடிச் சேர்க்கும் எனக்கு, இந்தப் பொழுதுபோக்கின் முழு சாரமும் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருப்பதாகவே தோன்றுகிறது. அட்டைக்கு ஒரு காலம், பேனாவுக்கு ஒரு காலம், அதைப் பிடித்த கைக்கு ஒரு காலம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கையொப்பத்தை நம்பலாம். நிலையை ஆராய்ந்து தரமதிப்பீட்டு நிறுவனம் தரும் 1 முதல் 10 வரையிலான எண் அதற்குப் பிறகு வரும் சங்கதி.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

பழைய அட்டைகள் என்று சேகரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 1980 வரை வந்தவற்றை. 1981-இல் ஃபிளீர், டான்ரஸ் ஆகிய நிறுவனங்கள் களத்தில் இறங்கியதும் டாப்ஸின் தனியாதிக்கம் முடிந்தது, அட்டைகளும் பெருகின. அதற்கு முந்தைய காலத்தை மூன்றாகப் பிரிக்கலாம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 வரிசை போன்ற புகையிலை அட்டைகள் முதலாவது. பாஸ்டனின் கௌடி நிறுவனத்தின் 240 அட்டைகள் கொண்ட 1933 வரிசை போன்ற, போருக்கு முந்தைய சூயிங்கம் அட்டைகள் இரண்டாவது. 1948-இல் தொடங்கும் போமன் அட்டைகளும், 1952-இல் தன் பெரிய வரிசையை வெளியிட்ட டாப்ஸ் அட்டைகளும் மூன்றாவது.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாவதில் தொடங்குவதே நல்லது. புகையிலை அட்டைகளிலும் கௌடி அட்டைகளிலும் உண்மையான கையொப்பம் மிக அரிது. போலி செய்பவருக்கு அங்கே ஆதாயம் அதிகம். 1950-களின் வீரர்களில் பலர் முதுமை வரை வாழ்ந்தார்கள், அஞ்சலில் வந்த அட்டைகளுக்கும் கண்காட்சிகளில் நீட்டப்பட்டவற்றுக்கும் பொறுமையாகக் கையொப்பமிட்டார்கள். 2024-இல் மறைந்த கார்ல் எர்ஸ்கின் அப்படிப்பட்ட தாராளமான மனிதர். அவர் கையொப்பத்தை வாங்கப் பெரும் பணம் தேவையில்லை. உண்மையான கையொப்பம் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள அதுவே போதும்.

ஓர் அணி, ஓர் ஆண்டு, ஒரு வரிசை என்று சுருக்கிக்கொள்ளுங்கள். நான் 1955 புரூக்ளின் அணியை எடுத்துக்கொண்டேன். ஜாக்கி ராபின்சன், டியூக் ஸ்நைடர், கில் ஹாட்ஜஸ், ராய் காம்பனெல்லா, அப்போது புதுமுகமான சாண்டி கோஃபாக்ஸ் என்று ஒரே அணிக்குள் எளிதில் கிடைக்கும் கையொப்பமும் உண்டு, எட்டாத கையொப்பமும் உண்டு. சிறிய எல்லைக்குள் இருந்தால் ஒவ்வொருவரின் எழுத்தையும் நன்றாக அறிந்துகொள்ள முடியும்.

படி 2: ஒவ்வொரு வீரருக்கும் ஒரு காலக்கோடு எழுதுங்கள்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் தவிர்க்கும் வேலையும் இதுவே. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த நாள், விளையாடிய ஆண்டுகள், இறந்த நாள், கையைப் பாதித்த நோய் அல்லது விபத்து ஆகியவற்றை எழுதுங்கள். அதற்குக் கீழே அவர் படம் வந்த அட்டைகளின் ஆண்டுகளை எழுதுங்கள்.

ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் பக்கத்தைப் பாருங்கள். நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்களோடு கிளம்பிய விமானம் புவேர்ட்டோ ரிக்கோ கடலில் விழுந்து, 1972 டிசம்பர் 31 அன்று அவர் இறந்தார். டாப்ஸின் 1973 வரிசையிலும் அவருக்கு அட்டை உண்டு. அது கடைக்கு வந்தபோது அவர் இல்லை. எனவே 1973 கிளெமென்ட்டே அட்டையில் எத்தனை அழகான கையொப்பம் இருந்தாலும் அது அவர் இட்டதன்று. ஒரே ஒரு தேதி தெரிந்தால் போதும், பூதக்கண்ணாடியே வேண்டாம்.

அடுத்து பேனா. அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா முதன்முதலாகப் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில். லூ கெரிக் இறந்தது 1941 ஜூன் 2. பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய கெரிக் கையொப்பம் இருக்கவே முடியாது. பேப் ரூத் 1948 ஆகஸ்ட் 16 வரை இருந்தார். அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் மட்டும் அது சாத்தியம். ஷார்ப்பி என்ற அழியாத மைக் குறிப்பான் பேனா வந்தது 1964-இல். அதற்கு முன் மறைந்த எவருடைய பெயரும் ஷார்ப்பியால் எழுதப்பட்டிருந்தால், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். டை காப் பச்சை மையில் கையொப்பமிடுவதை விரும்பினார் என்பது போன்ற பழக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சை மை இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள்; போலி செய்பவரும் அந்தத் தகவலை அறிந்தவரே.

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ராய் காம்பனெல்லாவின் 1956 டாப்ஸ் அட்டை ஒன்று, எண் 101, ஒரு கண்காட்சியில் கிடைத்தது. கூடவே பெயர் கேள்விப்படாத ஓர் அமைப்பின் சான்றிதழ். அட்டை நிச்சயமாக அசல். கையொப்பம் தடையின்றி ஓடியது, எழுத்துகள் உருண்டு திரண்டிருந்தன, கறுப்பு மை பளிச்சென்று இருந்தது. மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன். சில வாரங்கள் கழித்து அவருக்கான பக்கத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. 1958 ஜனவரி 28 அன்று லாங் ஐலண்டில் பனியில் சறுக்கிய கார் கவிழ்ந்து, காம்பனெல்லாவின் கைகால்கள் செயலிழந்தன. அதற்குப் பிறகு 1993-இல் இறக்கும் வரை அவர் இட்ட கையொப்பங்கள், கையோடு பொருத்திய கருவியின் துணையால் நடுங்கும் கோடுகளாக எழுதப்பட்டவை. சரளமாக ஓடும் கையொப்பம் என்றால் அது 1958 ஜனவரிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். என் அட்டையில் இருந்ததோ ஷார்ப்பி மை. அந்தப் பேனா பிறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. கை ஒரு காலத்தைச் சொன்னது, பேனா வேறொரு காலத்தைச் சொன்னது. இரண்டும் சேர வழியே இல்லை. உறுதி செய்துகொள்ள ஒரு பெரிய சான்றளிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்கள். விற்றவர் அதற்குள் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டார்.

அதே காம்பனெல்லாவுக்கு 1959-இலும் ஓர் அட்டை உண்டு, எண் 550. சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருக்கும் படம். 'துணிவின் சின்னம்' என்பது அதன் தலைப்பு. அதில் நடுங்கும் கோடுகளில் உள்ள கையொப்பமே மதிப்புக்குரியது. அழகான கையொப்பம் அங்கே குற்றச் சாட்சி.

படி 3: அட்டை அசல்தானா?

உண்மையான கையொப்பம் மறுஅச்சு அட்டையில் இருப்பது சாதாரணமாக நடக்கும். டாப்ஸ் நிறுவனமே 1983-இல் தன் 1952 வரிசையை மறுஅச்சிட்டது. உயிரோடிருந்த வீரர்கள் பலர் அந்த மறுஅச்சிலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அது மோசடி இல்லை. ஆனால் அசலின் விலையில் விற்றால் மோசடி.

அளவுகோலை எடுங்கள். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் அட்டைகள் 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம். 1957 முதல்தான் இன்றுள்ள 2½-க்கு 3½ அளவு. 1983 மறுஅச்சும் இந்தச் சிறிய அளவில் இருப்பதால் அளந்தவுடன் பிடிபடும். குறிப்பிட்ட அளவை விட அசல் அட்டை சற்றே குறுகி, விளிம்பு மட்டும் கத்தி வைத்தாற்போல் கூர்மையாக இருந்தால், தேய்ந்த ஓரத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பெயர் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து திண்ணமான ஒரே மையாக இருக்கும். படம் எடுத்து மறுஅச்சிட்ட போலியில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். போருக்கு முந்தைய அட்டையாக இருந்தால், இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்களைக் காகித ஆலைகள் சேர்க்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். 1933 அட்டை என்று சொல்லப்படுவது நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1933-இல் அச்சானதன்று.

படி 4: கையொப்பத்தை வாசியுங்கள்

முதலில் ஒரு பொறியைக் கடக்க வேண்டும். 1952, 1954, 1955, 1959 உள்ளிட்ட பல டாப்ஸ் வரிசைகளில் வீரரின் கையொப்பம் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே அச்சாகியிருக்கிறது. அது எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கும். கையொப்பமிட்ட அட்டை என்று இணையத்தில் விற்கப்படுவதில் இத்தகைய அச்சுக் கையொப்பங்களும் உண்டு. அதே வீரரின் இன்னோர் அட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது அச்சு, ஒன்றில் மட்டும் இருப்பது பேனா.

இனி பேனாவின் கோடு. பழகிய கை தன் பெயரை யோசித்து எழுதுவதில்லை. பேனா காகிதத்தைத் தொடும் முன்பே கை நகரத் தொடங்கிவிடுவதால் முதல் கோடு மெலிந்து தொடங்கி, கடைசிக் கோடு மெலிந்து காற்றில் கரையும். பார்த்து வரைபவரின் கோடு மழுங்கலாகத் தொடங்கி மழுங்கலாக முடியும். வளைவுகளில் சின்ன நடுக்கம், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்து மீண்டும் வைத்த தடம், எல்லாக் கோட்டிலும் ஒரே அழுத்தம். முதுமையின் நடுக்கத்தையும் வரைபவரின் தயக்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதியவரின் கை நடுங்கினாலும் அது போக வேண்டிய வழியை அறிந்தே போகும். வரைபவரின் கை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வழி கேட்கும். இந்த வேறுபாட்டை எழுத்தில் விளக்குவது கடினம். நூறு உண்மையான கையொப்பங்களைப் பார்த்த பிறகு கண்ணே சொல்லிவிடும்.

அட்டையை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். பால்பாயிண்ட் பேனா காகிதத்தில் ஒரு பள்ளம் விட்டுச் செல்லும். சில அட்டைகளில் பின்பக்கம் வரைக்கும் தெரியும். பிறகு நான் முதலில் சொன்ன மடிப்புச் சோதனை. மடிந்த அட்டையின் மீது பின்னால் எழுதினால், உடைந்த நாருக்குள் மை ஊறி, கோட்டின் இருபுறமும் மெல்லிய மயிர்போலப் பரவும். எழுதிய பிறகு மடிந்திருந்தால் கோடு வெடிக்கும். மடிப்பில் மை ஊறியிருப்பதாலேயே போலி என்றாகிவிடாது. ஒரு சிறுவன் கால்சட்டைப் பையில் கசங்கிய அட்டையையே மைதானத்தில் நீட்டியிருக்கலாம். ஆனால் மடிப்பு, மூலை, கறை எல்லாவற்றையும் கவனமாகத் தவிர்த்து, நல்ல இடமாகப் பார்த்து எழுதிய கையொப்பம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிறது. அட்டை பழையதான பிறகு கையொப்பம் வந்தது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

ஒப்பிட மாதிரிகள் வேண்டும். சிறந்த மாதிரி, வீரர் எழுதிக் கொடுத்து, வங்கியில் பணமாக்கப்பட்ட பழைய காசோலை. ஹெரிட்டேஜ், ராபர்ட் எட்வர்ட் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பதிவுகளில் காசோலைகள், ஒப்பந்தங்கள், கடிதங்கள், கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழரங்க அருங்காட்சியகத்தின், வீரரின் நினைவுப் பலகைப் படம் கொண்ட மஞ்சள் நிற அஞ்சலட்டைகள் ஆகியவற்றின் படங்கள் கிடைக்கும். ஒரே காலத்து மாதிரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். 1950-இன் மிக்கி மேன்டில் எழுத்தும் 1990-இன் மேன்டில் எழுத்தும் வேறு வேறு. இளைஞரின் எழுத்து சற்றே குறுகலாக, எளிமையாக இருக்கும். கண்காட்சிகளில் ஆயிரக்கணக்கில் எழுதிப் பழகியவரின் எழுத்தில் பெரிய வளைவுகள் நிலைத்துவிட்டன.

இன்னொன்று: அஞ்சலில் வந்த அட்டைகளுக்கு வீரரே எழுதினார் என்று கொள்ள முடியாது. மனைவி, உதவியாளர், உடைமாற்றும் அறைப் பணியாளர், ரப்பர் முத்திரை, கையொப்ப இயந்திரம் என்று பல வழிகள் இருந்தன. அந்தக் காலத்து அஞ்சல் உறையும் சேர்ந்தே இருந்தாலும், அந்தக் கை யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

படி 5: எங்கே வாங்குவது

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 'ஆப்பரேஷன் புல்பென்' என்ற பெயரில் தெற்குக் கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட போலிக் கையொப்பக் கும்பலைப் பிடித்தது. கைப்பற்றியவற்றில் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. அந்தக் கும்பலின் பொருள்களோடு சான்றிதழ்களும் அழகாக அச்சாகி வந்தன. ஆகவே, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். யாருடைய சான்றிதழ் என்று கேளுங்கள்.

அட்டையின் வரலாறு தெரிந்த இடத்தில் வாங்குங்கள். சிறுவயதில் தானே வாங்கிய கையொப்பத்தை முதுமையில் விற்கும் மனிதரை நேரில் சந்திப்பதற்கு ஈடான வாய்ப்பு இல்லை. 1980-இல் தொடங்கிய தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாட்டில் அத்தகையவர்களைப் பார்க்கலாம். சிகாகோ அருகே ரோஸ்மான்ட், கிளீவ்லாந்து, அட்லாண்டிக் சிட்டி ஆகிய இடங்களில் அது மாறிமாறி நடந்திருக்கிறது. தரமதிப்பீட்டு நிறுவனங்களும் அங்கே கடை விரிக்கின்றன. பெயர்பெற்ற ஏல நிறுவனங்கள் அடுத்த வழி. ஆனால் ஏல விலையோடு வாங்குபவர் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்னும் உயிரோடிருக்கும் முதிய வீரர்களுக்கு நீங்களே எழுதலாம். கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம், ஒன்றிரண்டு அட்டைகள், உங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை. அவ்வளவுதான். பத்து அட்டைகளை அனுப்பி ஒரு முதியவரைத் தொல்லைப்படுத்தாதீர்கள்.

படி 6: நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் சந்தையில் முதலிடம் வகிக்கிறது; கையொப்பங்களை ஆராயும் அதன் பிரிவு 1998-இல் வந்தது. எஸ்ஜிசி பழைய அட்டைகளுக்குப் பெயர்பெற்றது. மதிப்பிட்ட அட்டையை இந்த நிறுவனங்கள் நெகிழிப் பெட்டிக்குள் அடைத்துத் தருகின்றன; எஸ்ஜிசி பெட்டியின் கறுப்புச் சட்டத்துக்குள் பழுப்பேறிய அட்டை அழகாக இருக்கும் என்பதற்காகவே அதை விரும்புவோர் உண்டு. பிஎஸ்ஏவின் தாய் நிறுவனம் 2024-இல் எஸ்ஜிசியை வாங்கிவிட்டது. பெக்கெட் நிறுவனம் அட்டை, கையொப்பம் இரண்டையும் பார்க்கிறது. ஜேஎஸ்ஏ முதன்மையாகக் கையொப்ப நிறுவனம்.

எல்லா நிறுவனமும் தருவது ஒரு நிபுணரின் கருத்து மட்டுமே. பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பிட்டது டி206 ஹோனஸ் வாக்னர் அட்டை. அதற்கு 8 கிடைத்தது. அந்த அட்டையின் ஓரங்கள் வெட்டப்பட்டவை என்பதை, அதை ஒருகாலத்தில் விற்ற ஏலக்காரரே 2013-இல் தன் மீதான வழக்கில் ஒப்புக்கொண்டார். நிபுணர்களை மதியுங்கள், ஆனால் உங்கள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால், விற்கும் எண்ணம் இருந்தால் பிஎஸ்ஏ. வைத்துப் பார்த்து மகிழ எஸ்ஜிசி. அட்டையை அனுப்பச் செலவு செய்யும் முன், படத்தை மட்டும் பார்த்து முதற்கட்டக் கருத்துச் சொல்லும் குறைந்த கட்டணச் சேவை ஜேஎஸ்ஏ போன்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. ஐயமுள்ள அட்டைக்கு அதை முதலில் பயன்படுத்துங்கள்.

படி 7: எதற்கு எண் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விண்ணப்பத்தில் பலர் தடுமாறும் இடம் இது. கையொப்பமிட்ட அட்டைக்கு முக்கியமாக மூன்று வகையில் மதிப்பீடு பெறலாம். அட்டைக்கும் கையொப்பத்துக்கும் தனித்தனி எண் பெறலாம். அட்டை அசல் என்று மட்டும் குறித்துக் கையொப்பத்துக்கு எண் பெறலாம். எண்ணே இல்லாமல் இரண்டும் உண்மை என்ற சான்று மட்டும் பெறலாம். இந்தச் சேவையைக் குறிப்பிடாமல் சாதாரண அட்டை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டால், கையொப்பத்தை அட்டையின் மீதுள்ள கிறுக்கலாகக் கருதிக் குறைபாட்டுக் குறியீடு போட்டுவிடுவார்கள்.

அட்டையின் எண்ணுக்கு நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. பிஎஸ்ஏவில் 8 பெற எதிரெதிர் ஓரங்களின் விகிதம் 65-க்கு 35 அல்லது அதைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். 7-க்கு 70-க்கு 30 போதும். கையொப்பத்தின் எண்ணுக்கு மையின் அடர்த்தி, இடையில் அறுந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பவற்றைப் பார்ப்பார்கள். இருண்ட படத்தின் மீது இருண்ட மை எண்ணைக் குறைக்கும்.

கையொப்பமிட்ட 1950-களின் அட்டை பெரும்பாலும் ஒரு சிறுவனின் கையிலிருந்து வீரரின் கைக்குப் போய்த் திரும்பியது. அதற்கு 2 அல்லது 3 கிடைத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேய்ந்த அட்டையில் அடர்ந்த கையொப்பம் இருந்தால் கையொப்பத்துக்கு மட்டும் எண் கேளுங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் மட்டும் இரண்டுக்கும் கேளுங்கள். மை மங்கிய, ஆனால் மிக அரிய கையொப்பத்துக்கு எண்ணே வேண்டாம். ஜாக்கி ராபின்சன் கையொப்பத்தின் அருகே 5 என்ற எண்ணைப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது.

படி 8: அனுப்பும் முன்

சுத்தம் செய்யாதீர்கள். அழிப்பான் வேண்டாம், ஈரத்துணி வேண்டாம், மடிப்பை அழுத்தி நேராக்க வேண்டாம். கையொப்பமில்லாத பழைய அட்டைகளை ஆல்பத்திலிருந்து பிரிக்கத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. மைப்பேனா கையொப்பத்தைத் தண்ணீரில் போட்டால் கண் முன்னே கரைந்து போகும். பின்பக்கம் ஆல்பத் தாள் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் விடக் கொடிய செயல், மங்கிய கோட்டின் மீது மீண்டும் பேனாவை ஓட்டுவது. உண்மையான கையொப்பம் அந்த நிமிடமே அழிந்துவிடுகிறது.

இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். மடிப்பு, கறை, மூலை ஒவ்வொன்றும் அதில் தெரிய வேண்டும். விண்ணப்பத்தில் ஆண்டு, வரிசை, எண், வீரர் பெயர் ஆகியவற்றோடு மதிப்பையும் நீங்களே குறிக்க வேண்டும். கட்டணமும் காப்பீடும் அந்த மதிப்பைப் பொறுத்தவை. கட்டணத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போட்டால், தொலைந்தால் இழப்பு உங்களுக்கே. கூடுதல் மதிப்பு என்று அவர்கள் கண்டால் மிச்சக் கட்டணத்தையும் கேட்பார்கள்.

அட்டையை மெல்லிய உறையில் போட்டு, பாதி விறைப்பான நெகிழி உறைக்குள் செருகுங்கள். கெட்டியான உறை வேண்டாம்; அதிலிருந்து வெளியே எடுக்கும்போது மூலை உரசும். 1956 வரையிலான அட்டைகள் பெரியவை என்பதால் அதற்கேற்ற உறை வாங்குங்கள். இரண்டு அட்டைப்பலகைகளுக்கு நடுவே வைத்து, பசை அதிகம் ஒட்டாத வண்ணப்பூச்சு நாடாவால் கட்டி, குலுக்கினால் அசையாதபடி பெட்டியை நிரப்புங்கள். விலையுயர்ந்ததை அமெரிக்க அஞ்சல் துறையின் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். மெதுவாகப் போகும், ஆனால் கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் பதிவாகும், 50,000 டாலர் வரை காப்பீடும் உண்டு.

படி 9: திரும்பி வந்த பிறகு

பொதியைத் திறந்ததும், அட்டையை அடைத்த நெகிழிப் பெட்டியின் சீட்டில் உள்ள ஆண்டு, பெயர், எண் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் உடனே சொன்னால் திருத்தித் தருவார்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். மற்றவரிடம் வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள். போலிப் பெட்டிகளும் புழங்குகின்றன. தளத்தில் படம் இருந்தால் மையின் வளைவுகளையும் மூலைகளின் தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள்.

நிராகரித்துத் திரும்பினால் காரணத்தை உங்கள் காலக்கோட்டோடு சேர்த்துப் படியுங்கள். போலி என்று நீங்களும் ஒப்பினால் அதை விற்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். என் காம்பனெல்லா அட்டையின் உறை மீது 'கையொப்பம் போலி' என்று எழுதி, புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் அடைத்துவிட்டதால் மை பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒளி நெகிழியைக் கடந்து போகும். சுவரில் மாட்டாதீர்கள், ஜன்னல் எதிரே வைக்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கட்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் வைத்திருப்பவர்கள் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலத்தில் அவற்றை மாற்ற வேண்டும். பெட்டிக்குள் போகாத அட்டைகளுக்கு பிவிசி கலந்த பழைய ஆல்பத் தாள்கள் கூடாது. பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை போதும்.

ஒவ்வோர் அட்டைக்கும் வாங்கிய நாள், விலை, விற்றவர் சொன்ன வரலாறு, சான்று எண், இருபக்கப் படம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். பாட்ரஸ் அட்டைக்குக் கையொப்பத்தில் 8 கிடைத்தது. அட்டைக்கு எண் கேட்கவில்லை. அதன் சீட்டில் இல்லாத ஒரு வரியை என் நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'மடிப்பு கையொப்பத்துக்குப் பிந்தையது, மைக்கோடு வெடித்திருக்கிறது.'